அகல டயர்

அக்டோபர் 6, திங்கள்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டபோது மணி 9.25. மூன்று வாரங்களில் மூன்றாவது தாமதம்.

காலை 7.15க்கு மலைமேல் ஈச்சங்கானலிலிருந்து கிளம்பினோம். முட்டுப்பாறை வளைவில், பனியில் நனைந்த கல்மேல் பின்சக்கரம் வழுக்கி, ஜீப் ஓரத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. பின்னால் வந்த சிக்கந்தர் அண்ணன் தன் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து மேலேற்ற நாற்பது நிமிடம். எங்கள் டயர்களில் தரையைப் பிடிக்கிற பட்டன் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இரண்டில் நூல் தெரிகிறது. "மாப்ள, இது டயரு இல்ல, வழுக்கத் தல" என்றார் அண்ணன். ஜீப்பை ஓட்டிவந்த என் வீட்டுக்காரர் சிரித்தார்.

மலையிலிருந்து சின்னத்தொழு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பதினொரு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஆவணியில், நாற்பத்தேழு வயதில், காபித் தோட்டமும் ஒரு ஜீப்பும் வைத்திருக்கும் பவுன்ராஜை மணந்து மேலே குடிவந்ததிலிருந்து தினமும் இந்தப் பயணம்தான். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் மருந்தாளுநர் வேலைக்கு நடந்தே போனவள். வாடகை அறைக்கும் மருந்தகத்துக்கும் இடையில் ஒரு தெருதான்.

டாக்டர் மதுமிதா உள்ளே கூப்பிட்டார். கோபமில்லை. ஒன்பது மணிக்கே சர்க்கரை நோயாளிகள் நாற்பது பேர் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்கள், நர்ஸ் ஊசியை விட்டுவிட்டு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். வளாகத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு அறை காலியாகப் போகிறதாம். வேண்டும், வேண்டாம் எதுவானாலும் நவம்பர் 28க்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார். வாங்கிக்கொண்டால் திங்கள் முதல் சனி வரை கீழே, ஞாயிறு மட்டும் மேலே.

சாயங்காலம் ஜீப்பில் வரும்போது இவரிடம் சொன்னேன். மூன்று கிலோமீட்டர் தாண்டி முதல் கியருக்கு மாற்றினார். பிறகு, "டயர மாத்திருவோம்" என்றார்.

அக்டோபர் 8, புதன்

தடுப்பூசி நாள். குழந்தைகள் அறுபத்தொன்று. காய்ச்சல் சிரப் இருப்பு சரியாக இருந்தது.

எந்த டயர் என்று கேட்டேன். "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். இரண்டு மாதமாக எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அடுப்பு எங்கே, கட்டில் எந்தப் பக்கம், என் மருந்துப் புத்தகங்களுக்கு எந்த அலமாரி. நான் வருத்தப்பட்டுவிடுவேனோ என்று பயப்படுகிற மாதிரி.

அக்டோபர் 12, ஞாயிறு

தேனியில் அரைநாள் திறந்திருக்கும் ஒரு டயர் கடைக்குப் போனோம். மலைக்கு ஆகக்கூடியவை மூன்று வகை என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். ஒன்று தார்ச்சாலைக்கானது. அதிக நாள் ஓடும், சேற்றில் நிற்காது. இரண்டாவது, ஆறு அங்குல அகல நைலான் டயர். பழைய ஜீப்புகளில் பார்த்தது, இழுவை வண்டிச் சக்கரம் போல உம்மென்று இருக்கிறது. மூன்றாவது ஒன்பதேகால் அங்குலம். ஒவ்வொரு பட்டனும் என் கட்டைவிரல் நீளம், நடுவில் சேறு வெளியேற வாய்க்கால் மாதிரி பள்ளம். அகலமான ரிம்மோடு வருகிறது. பிடிமானம் இதற்குத்தான் அதிகம் என்று கடையின் விவரப் புத்தகத்தில் போட்டிருந்தது.

டயரின் பக்கத்தில் நான்கு எண் அச்சிட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். முதல் இரண்டு எண் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். கடைக்காரர் முதலில் காட்டியவை மூன்று வருடப் பழசு. உள்ளேயிருந்து புதிய வாரத்துச் சரக்கை எடுத்துவரச் சொன்னேன். "முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். டயருக்கு எக்ஸ்பைரி பாக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். இவருக்கு அதில் பெருமை. காபி வாங்கிக் கொடுக்கும்போது கடைப் பையனிடம்கூட, "வீட்ல மருந்து ஆபீசர்" என்று சொன்னார். நான் ஆபீசர் இல்லை.

நான் டயர் விவரங்களை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் அந்த ஆறு அங்குல டயர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரவுச் சமையல் முடிந்ததும் அட்டவணை போட்டேன். பிடிமானம், பட்டன் ஆழம், சேறு, தேய்மானம், தயாரிப்பு வாரம். ஐந்தில் நான்கில் அகல டயர் முதலிடம். இவரிடம் காட்டினேன். முழுவதையும் விரல் வைத்துப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

இங்கே குளிருக்கு மாவு புளிப்பதில்லை. மலையேறி வந்த ஜீப்பின் பானெட் சூட்டில் பாத்திரத்தை வைத்துத் துணி போட்டு மூடினேன். காலையில் பொங்கி நின்றது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஊரே ஜவுளிக்கடையில் நிற்க, நாங்கள் டயர் கடையில் நின்றோம். அகல டயர் நான்கும் மாட்டியாயிற்று. பழைய ரிம்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டிருக்கிறார்.

மலையடிவாரத்தில் ஜீப்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மேலே ஓடுகிற ஐந்து ஜீப்பில் இதுதான் இப்போது பெரிய சக்கரம். சிக்கந்தர் அண்ணன் குனிந்து டயரைப் பார்த்தார், நிமிர்ந்து இவரைப் பார்த்தார். "எப்புடி மாப்ள, அந்த வளைவுல?" என்று கேட்டார். இவர், "போகும் மாமா" என்றார். 

ஏறும்போது சொகுசாகத்தான் இருந்தது. முட்டுப்பாறையில் ஏதோ உரசுகிற சத்தம். அங்கே பாதையை ஒட்டியே பள்ளத்தாக்கு இருப்பதால் நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். இவருக்குத் தெரியாது.

அக்டோபர் 23, வியாழன்

8.41. பதிவேட்டில் முதல் கையெழுத்து என்னுடையது.

அக்டோபர் 27, திங்கள்

மழை தொடங்கிவிட்டது. மூன்று நாளாக விடாமல் பெய்கிறது. இருந்தும் இன்று 8.44. டாக்டர் மதுமிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே மேடம்" என்றார். டயர் என்றேன். அட்டவணை போட்ட கதையைச் சொன்னேன்.

இவருடைய உள்ளங்கையில் கொப்புளம். வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு. ஒன்று உடைந்திருக்கிறது. காபிச் செடிக்கு நிழல்தரும் மரங்களில் கிளை கழித்தேன் என்றார். கழுவி, களிம்பு போட்டுத் துணி கட்டினேன். கையை ரொம்ப நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டேன் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நவம்பர் 3, திங்கள்

8.40. முட்டுப்பாறையில் முன்பு போல் உரசல் சத்தம் இல்லை. புது டயர் ஓட ஓடப் படியும் போலிருக்கிறது.

டயர்களின் பக்கவாட்டில் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்த கோடுகள், கால் தேய்க்கும் கல்லால் உரசிய மாதிரி. ஒரு இடத்தில் விரல்நுனி போகிற அளவுக்குக் கீறல். கேட்டதற்கு, கல்லுத் தூசி என்றார். தூசி கீறுமா என்று நான் கேட்கவில்லை. மருந்தகத்தில் இருப்புச் சரிபார்க்கும் வாரம், தலைக்குள் வேறு எதுவும் ஏறவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மதியம் குவார்ட்டர்ஸ் அறையைப் போய்ப் பார்த்தேன். கிழக்கில் ஜன்னல். குழாயில் தண்ணீர் வருகிறது. மேலே நாங்கள் ஊற்றிலிருந்து குழாய் போட்டுப் பிடிக்கிறோம், மழையில் அது கலங்கிவிடும். கட்டில், மின்விசிறி, சுவரில் அடித்த மூன்று ஆணி. கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை. இருபத்திரண்டு வருடம் இப்படி ஒரு அறையில்தான் இருந்தேன், நன்றாகத்தான் இருந்தேன். டயர் நன்றாக ஓடுகிறது, அதனால் அறை தேவைப்படாது. இருந்தாலும் பார்த்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

நான்கு மணிக்கு ஜீப் வந்தபோது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். செருப்பில் குவார்ட்டர்ஸ் பக்கத்துச் செம்மண். சொன்னேன். "ஜன்னல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியத்துக்கு மேல் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் என்றிருந்தது, ரத்தாகிவிட்டது. டாக்டர் என்னை ஒன்றரைக்கே போகச் சொன்னார். இவருக்குப் போன் போகவில்லை. சிக்கந்தர் அண்ணன் சிமென்ட் மூட்டையோடு மேலே கிளம்பிக்கொண்டிருந்தார், ஏறிக்கொண்டேன்.

முதல் மைல் தாண்டியதும் அண்ணன் ஆரம்பித்தார். அவர் குரலில் விளையாட்டு பாதி, வருத்தம் பாதி. அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. முட்டுப்பாறை வளைவில் இருநூறு அடி தூரத்துக்கு மண் நிற்காது. அதனால் ஒவ்வொரு ஆடி முடிவிலும் ஐந்து ஜீப்காரர்களும் சேர்ந்து, சக்கரம் ஓட இரண்டு தடம் விட்டு, இருபுறமும் கல்லைச் செருகி நிறுத்துவார்கள். தடத்தின் அகலத்துக்கு அளவு மண்வெட்டியின் இரும்பு இலை, எட்டு அங்குலம். அதைக் குறுக்கே வைத்துப் பார்த்துத்தான் கல் வைப்பார்கள். ஆறு அங்குல டயர் அதில் ஓரம் படாமல் ஓடும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நழுவாது. ஒன்பதேகால் அங்குல டயர் அதற்குள் முழுதாக இறங்காது. இரண்டு பக்கக் கல்லிலும் உரசிக்கொண்டே போகும். பட்டன் எத்தனை ஆழம் இருந்தாலும் பிரயோசனமில்லை, பக்கம் கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது.

"அவருக்கு இது தெரியாதா அண்ணே?"

"பதினோரு வருசமா கல்லு வைக்கிறவனுக்குத் தெரியாதா தங்கச்சி? மொத நாளே தெரியும். அதான் தடத்தப் பேத்துக்கிட்டுக் கெடக்கான். கல்யாணம் ஆனவன் வீட்ட இடிச்சுக் கட்டுவான். இவன் ரோட்ட இடிச்சுக் கட்டுறான். எங்க வண்டியெல்லாம் அதுக்குள்ள எறங்குனா குடிகாரன் மாதிரி ஆடுது."

வளைவு வந்தது. கண்ணை மூடவில்லை. ஜீப் ஓரமாக நின்றிருந்தது. இவர் தடத்துக்குள் குத்துக்காலிட்டு, நிறுத்தி வைத்திருந்த கற்களைக் கடப்பாரையால் ஒவ்வொன்றாக நெம்பி, நாலு விரல் தள்ளி மறுபடி நட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் என் டிபன் பாத்திரம். மதியத்துக்கு நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சோறு பாதி மிச்சம். வளைவின் முக்கால்வாசி முடிந்திருந்தது. கடைசி ஐம்பது அடிதான் பாக்கி.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கடப்பாரையைப் பின்னால் வைத்துக்கொண்டார், அது தெரியாது என்பது போல.

சிக்கந்தர் அண்ணன், "மாப்ள, சிமென்ட் நனையுது, நான் போறேன்" என்று என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மழை இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில், நீங்கள் அவ்வளவு படித்துப் பார்த்து வாங்கினீர்கள், நான் என்ன சொல்ல என்றார். அது இல்லை, சரியாகச் சொல்லுங்கள் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டயரு சரியில்லன்னு நான் சொல்லி, அப்ப சரி, குவார்ட்டர்ஸே வாங்கிக்கிறேன்னு நீங்க சொல்லிட்டா?"

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். மிச்சமிருந்த எலுமிச்சை சோற்றை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். கோபமாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

8.43.

அட்டவணையை எடுத்து மறுபடி பார்த்தேன். டயரில் அச்சடித்திருந்த எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. நோயாளியைக் கேட்காமல் மருந்துப் பெட்டியை மட்டும் படித்திருக்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் யாராவது இதைச் செய்தால் சும்மா விடமாட்டேன்.

இரவு சாப்பிடும்போது சொன்னேன், இனி உங்களுக்குத் தெரிந்ததை என்னிடம் சொல்லாமல் இருந்தால்தான் நான் குவார்ட்டர்ஸ் போவேன் என்று. யோசித்தார். "அப்ப ஒண்ணு சொல்லவா?" என்றார். சொல்லுங்கள் என்றேன். "அந்த ரசத்துல நீங்க பெருங்காயம் ஜாஸ்தி போடுறீங்க. ஆவணியிலருந்தே."

சிரித்து முடிக்க நேரமாயிற்று. மூன்று மாதம் விழுங்கியிருக்கிறார், பாவம்.

நவம்பர் 16, ஞாயிறு

தேனி. எங்கள் ஒரு வண்டிக்காக மற்ற நாலு வண்டியும் ஆடக் கூடாது என்று முடிவுசெய்தோம். கடைக்காரர் அகல டயர்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆற்று மணலில் ஓடும் ஒரு தோட்டத்து வண்டிக்கு ஆகும் என்றார். பக்கவாட்டுக் கீறலைக் காட்டித்தான் கொடுத்தேன். கொட்டகையிலிருந்த பழைய ரிம்களில் ஆறு அங்குல நைலான் டயர் நான்கும் ஏறின. பக்கம் தடிமனாக, கட்டைவிரலால் அழுத்தினால் அசையாமல் இருக்கிறது. இந்த முறை இவர் தேர்ந்தெடுத்தார். நான் தயாரிப்பு வாரத்தை மட்டும் பார்த்தேன்.

நவம்பர் 17, திங்கள்

9.20.

காரணம் எழுதவே வெட்கமாக இருக்கிறது. தடம் இப்போது அகல டயருக்கு வெட்டியது. ஒல்லி டயர் அதற்குள் இறங்கி இடதும் வலதுமாக நழுவி, குறுக்கே நின்றுகொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. பின்னால் மூன்று ஜீப். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து கைகட்டி நின்று ரசித்தார்கள். சிக்கந்தர் அண்ணன், "மாப்ள, இப்ப ரோட்டுக்கு ஏத்த டயரு வாங்கிட்ட, டயருக்கு ஏத்த ரோட்டத்தான் காணோம்" என்றார். பிறகு எல்லோருமாகத் தூக்கி நேராக்கினார்கள்.

 டாக்டர் மதுமிதா நாள்காட்டியில் 28ஐ மட்டும் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

நவம்பர் 19, புதன்

9.05. மழை. தடுப்பூசிக்கு வந்த அம்மாக்கள் காய்ச்சல் சிரப் வாங்க எனக்காகக் காத்திருந்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. அறைச் சாவி டாக்டர் மேசைமேல்தான் இருந்தது. கேட்டால் இன்றே கொடுத்துவிடுவார். கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

முட்டுப்பாறையில் காலை ஏழு முதல் மாலை நான்கு வரை வேலை. ஐந்து ஜீப்காரர்களும் உதவிக்கு ஆட்களோடு வந்தார்கள். ஆடியில் ஒருமுறை செய்ததை மறுபடி செய்ய வைத்ததற்கு அபராதமாக மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பதினான்கு பேருக்குச் சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், பெருங்காயம் குறைத்த ரசம்.

என்னை மண்வெட்டி பிடிக்கச் சொன்னார்கள். வெட்டுவதற்கு அல்ல, அளப்பதற்கு. ஒவ்வொரு இரண்டு அடிக்கும் இலையைக் குறுக்கே வைத்துப் பார்த்து, சரி என்றால் தலையாட்ட வேண்டும், இல்லையென்றால் கல்லைப் பிடுங்கி மறுபடி வைப்பார்கள். மருந்தகத் தராசுக்குப் பழகிய கண். கால் அங்குலம் தள்ளியிருந்தாலும் விடவில்லை. நாலாவது முறை கல்லைப் பிடுங்கச் சொன்னபோது சிக்கந்தர் அண்ணன் கும்பிட்டார். "தங்கச்சி, இது ரோடு. மாத்திர இல்ல."

நூறு அடி முடிந்த இடத்தில் இவர் என் பக்கம் திரும்பி, இந்தக் கல் சரியில்லை, ஆடுகிறது என்றார். நான் சரி என்று தலையாட்டியிருந்த கல் அது. எல்லோர் முன்னாலும் சொன்னார். பிடுங்கி வேறு வைத்தோம். வேறு யாருக்கும் அதில் விசேஷம் எதுவும் தெரிந்திருக்காது.

நவம்பர் 24, திங்கள்

8.36. மழையில். உரசல் இல்லை, நழுவல் இல்லை. வளைவைக் கண் திறந்தே கடந்தேன். பள்ளத்தாக்கு நினைத்த அளவு ஆழமில்லை. ஆழம்தான், ஆனால் அழகு.

நவம்பர் 28, வெள்ளி

8.39. ஐந்து நாளும் ஒன்பதுக்கு முன்னால்.

குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு, மழைக்காலம் முடியும்வரையாவது வைத்துக்கொள்ளுங்களேன், சும்மாதானே கிடக்கிறது என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். கிழக்கு ஜன்னலும் குழாய்த் தண்ணீரும் ஒரு நொடி ஞாபகம் வந்தன. வேண்டாம் டாக்டர் என்றேன். அப்படியானால் காரணம் எழுத வேண்டும், நீங்கள் அந்த வரியை விட்டுவிட்டீர்கள் என்று தாளைத் திருப்பி நீட்டினார்.

பேனாவோடு சற்று நின்றேன். பிறகு, "குடும்பம் ஈச்சங்கானலில் உள்ளது" என்று எழுதினேன். அரசாங்கத் தாளில் அந்தச் சொல்லை எனக்காக எழுதுவது இதுதான் முதல் முறை. டாக்டர் கையெழுத்திட்டு, பாதை அடைத்தால் முந்தின இரவே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், மறுநாள் மருந்து வரிசைக்கு அவர் ஏற்பாடு செய்துகொள்வார் என்றார். அதையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அறை புது ஆய்வகப் பணியாளருக்குப் போகிறது. சின்னப் பெண், கம்பம் பக்கம். ஜன்னலைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டாளாம்.

டிசம்பர் 2, செவ்வாய்

நேற்று மாலை தொடங்கிய மழை நிற்கவே இல்லை. பாதையில் குறுக்கிடும் இரண்டாவது ஓடையில் தண்ணீர் பானெட் உயரம். எந்த டயரும் இறங்காத மழை. சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நேற்று இரவே குடையோடு நடந்துபோய் நர்ஸிடம் சொல்லியாயிற்று.

பறித்த காபிப் பழம் நனையாமல் வீட்டுக்குள் பரப்பியிருக்கிறோம். கூடம் முழுக்க, கட்டிலுக்கு அடியில் வரை. நடக்கக் காலடி அகலத்துக்கு ஒரு வழி விட்டிருக்கிறோம். எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இவர் ஒருமுறைகூட ஒதுங்கவில்லை, நானும்தான்.

தற்செயல் விடுப்பு ஒன்று. விண்ணப்பத்தில் காரணம்: மழை, பாதை அடைப்பு. உண்மைதான். முழு உண்மையா என்று படிவத்தில் கேட்கவில்லை.